படபடப்புக்குக் கவுன்சலிங்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செஷனுக்கு 1,200 ரூபாய், ஐம்பது நிமிடம். இடம் மதுரை அண்ணா நகர்ப் பக்கம், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரே ஒரு சைக்காலஜிஸ்ட், ரிசப்ஷனில் ஒரு பெண், அவ்வளவுதான் கிளினிக். பெயர் எழுதப் போவதில்லை. இப்போதே அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இரண்டு வாரம் ஆகிறது, அந்த சைக்காலஜிஸ்ட் அம்மாவுக்கும் விளம்பரத்தில் இஷ்டமில்லை. நான் இங்கே மதிப்பிடுவது அங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட சிகிச்சையை. சி.பி.டி. என்கிறார்கள், நினைப்பையும் நடத்தையையும் பிடித்து வேலை செய்கிற முறை. எனக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து உச்சத்துக்குப் போகிற பயப் படபடப்பு.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். வயது நாற்பத்தேழு. செப்டம்பர் 30-க்குள் டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் ஏற்ற வேண்டும் என்பதால் செப்டம்பர் மாதம் முழுக்க எங்களுக்குத் தூக்கம் கிடையாது. போன வருடம் அந்த நெருக்கடியில், அந்த ரிப்போர்ட்டோடு சேர்க்கிற 3சிடி படிவத்துக்கு வேண்டிய பில்களை வாங்க ஆரப்பாளையத்திலிருந்து தேனி பஸ் ஏறினேன். உசிலம்பட்டி தாண்டவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை விரல் மரத்தது, மூச்சு மேலே போய் நின்றது, கண் இருட்டியது. செத்துப் போகிறேன் என்றே நினைத்தேன். கண்டக்டர் வண்டியை நிறுத்தி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார், நல்ல மனுஷன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, அப்புறம் மதுரையில் எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். வீட்டில் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கப்புறம் படபடப்பு நினைத்த நேரத்தில் வர ஆரம்பித்தது. ஆபீஸ் லிஃப்டில், ஜவுளிக்கடைக் கூட்டத்தில், ஒருமுறை சலூன் நாற்காலியில் கழுத்தில் துணி கட்டியிருக்கும்போது.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் கவுன்சலிங் பேச்சு வந்தது. முதலில் போனது வேறு ஒரு சென்டர். பத்து செஷனுக்கும் மொத்தமாக முன்பணம். அங்கே இருந்தவர் நன்றாகப் பேசினார், அவர்தான் பேசினார். பாசிட்டிவாக நினையுங்கள், கழுகு எப்படிப் புயலில் பறக்கிறது பாருங்கள், உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். படபடப்பு வரும்போதெல்லாம் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னார். எனக்கு எப்போது வருகிறது, எதைப் பார்த்தால் வருகிறது, வந்தவுடன் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது முறை போனபோது முதல் முறை சொன்ன கழுகையே மறுபடி சொன்னார். மிச்சப் பணம் திரும்பி வரவில்லை.

நம் ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு வைத்துவிட முடிகிறது, இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணை நாம் கேட்கலாம். இந்த இரண்டாவது கிளினிக்கில் கேட்கவே தேவைப்படவில்லை, பில்லிலேயே அச்சடித்திருந்தது. எனக்குப் பில்லைப் பார்க்கிற புத்தி. முதல் மரியாதை அங்கேயே வந்துவிட்டது. இவர்களால் மருந்து எழுத முடியாது, அதற்கு மனநல மருத்துவர். எனக்கு ஜெனரல் டாக்டர் கொஞ்ச நாளுக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அதை நிறுத்தச் சொல்லவோ கூட்டச் சொல்லவோ இந்த அம்மா வாயைத் திறக்கவில்லை, “அதை உங்க டாக்டர்கிட்டதான் சார் கேக்கணும்” என்று முடித்துவிட்டார்.

முதல் நாள் பேச்சுக்கு முன்னால் இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம். நான் சொல்வது வெளியே போகாது, எப்போது மட்டும் போகும் என்று பட்டியல் இருந்தது. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரியவந்தால், கோர்ட் கேட்டால். 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இந்த ரகசிய உரிமை இருக்கிறதாம். எழுதி வைப்பது எல்லோரும் செய்வதுதானே என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து என் மச்சான், அக்கறையில்தான், கிளினிக்குக்குப் போன் பண்ணி “எங்க மாப்பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு” என்று கேட்டிருக்கிறார். அந்த ரிசப்ஷன் பெண், அப்படி ஒருவர் இங்கே வருகிறாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறது. மச்சானுக்குக் கோபம் தாங்கவில்லை, என்னிடம் வந்து குறை சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் 1,200 ரூபாய் உறுத்தாமல் போனது.

சரி, சிகிச்சைக்கு வருவோம். இரண்டாவது செஷனில் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டார். உடம்பில் ஏதோ ஒன்று, உதாரணமாக மாடி ஏறியதால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. அதை நான் மாரடைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். பயம் வருகிறது. பயத்தில் உடம்பு அட்ரினலினை விடுகிறது, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று மனசு சொல்கிறது. வட்டம் மறுபடி சுற்றுகிறது. இதை 1986-இல் டேவிட் கிளார்க் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் எழுதி வைத்தாராம். அதற்கு அடிப்படை போட்டவர் ஆரன் பெக். பிலடெல்பியாவில் மனநல மருத்துவர், ஃப்ராய்டு என்ற டாக்டரின் உளப்பகுப்பாய்வு வழியில் பயிற்சி எடுத்தவர். நோயாளிகளின் தலைக்குள் தானாக வந்து போகிற சின்னச் சின்ன எண்ணங்களைக் கவனித்து 1960-களில் தன் பாதையை மாற்றிக்கொண்டவர். நூறு வயது வாழ்ந்து 2021-இல் இறந்தார். நான் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள், எனக்கு வந்தது ஒன்றுமில்லாத ஒன்று என்று ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. இந்த அம்மா, நடப்பது நிஜம், ஆபத்து என்று நீங்கள் எடுத்துக்கொள்வது மட்டும்தான் தப்பு என்றார். இது மனதில் நின்றது.

விரல் மரப்பதற்கும் விளக்கம் இருந்தது. பயத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன. கிறுகிறுப்பு, விரல் நுனியில் ஊசி குத்தல், காற்றே போதவில்லை என்கிற உணர்வு எல்லாம் இப்படிக் கரியமில வாயு குறைவதால் வருவது. காற்று அதிகமாக இழுப்பதால்தான் காற்று போதவில்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் ஆழமாக மூச்சு இழு என்று முதல் சென்டரில் சொன்னது? “சில பேருக்கு உதவும் சார். உங்களுக்கு அது எண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிருக்கு” என்றார்.

அடுத்த வாரம் ஒரு தாளைக் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். ஜோடி ஜோடியாகச் சொற்கள். படபடப்பு, சாவு. மூச்சுத் திணறல், அடைப்பு. மரமரப்பு, பக்கவாதம். கிறுகிறுப்பு, மயக்கம். ஒவ்வொரு ஜோடியையும் நிதானமாகப் படித்து, அதன் அர்த்தத்தை யோசித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பாதித் தாள் தாண்டவில்லை, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேன் ஓட, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு வெறும் சொற்களைப் படித்தேன், அதற்கே நெஞ்சு அடித்தது. “இப்ப உங்க இதயத்துக்கு யார் என்ன பண்ணாங்க?” என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் பதில் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி கேட்டுக் கேட்டு ஆளையே முடிவுக்கு வர வைப்பது இவர்கள் முறை. சாக்ரடீஸ் பாணி என்கிறார்கள். சில நாள் இது எரிச்சலாகவும் இருக்கும், சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றும்.

அப்புறம் என் தற்காப்பு வேலைகளைப் பட்டியல் போட்டோம். இந்த இடத்தில்தான் சிகிச்சையின் சாமர்த்தியம் எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் படிக்கட்டுப் பக்க சீட், கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரை அட்டை. கையில் ஸ்மார்ட் வாட்ச், நாடித் துடிப்பு பார்ப்பதற்கென்றே. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைப் பாத்ரூமுக்குக்கூட எடுத்துப்போவேன். அரை மணிக்கு ஒரு தரம் மனைவிக்குப் போன். அவளும் “என்னங்க, எங்க இருக்கீங்க, ஒண்ணும் பண்ணலியே?” என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்பாள். ஆழ்ந்த மூச்சும் இந்தப் பட்டியலில் வந்து சேர்ந்தது. இதெல்லாம் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனசு ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு தடவை பிழைத்தாலும் பயம் மட்டும் குறையவில்லை. ஆக்சிமீட்டர் கதையைச் சொல்லும்போது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “ராத்திரி முழுக்கத் தூங்காம விரலையே பாத்துட்டு இருந்திருக்கீங்க, எவ்வளவு அசதியா இருந்திருக்கும்” என்றார். என் வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்கவில்லை.

உடம்புப் பரிசோதனைகள் வந்தபோதுதான் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. முதலில் இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட்டுகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்ற வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விட வேண்டும். வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட்டுக் கிறுகிறுப்பை வரவழைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால், என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று எழுதச் சொன்னார். ஸ்ட்ராவுக்கு “மயங்கி விழுவேன், 85 சதவீதம்” என்று எழுதினேன். அவரும் இன்னொரு ஸ்ட்ராவை எடுத்து எனக்கு எதிரே உட்கார்ந்து கூடவே செய்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவை உறிஞ்சும்போது பார்க்கிறவர் என்ன நினைப்பார்களோ! விழவில்லை. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும்போது வருவது, பயத்தில் அது ஏறத்தான் செய்யும் என்று அப்போது சொன்னார். ஊசியையும் ரத்தத்தையும் பார்த்து மயங்குகிறவர்கள் மட்டும் வேறு ரகம், அவர்களுக்கு முதலில் ஏறிப் பிறகு சட்டென்று இறங்கிவிடுமாம். அதே ஸ்ட்ராவை வீட்டிலும் தினம் செய்யச் சொன்னார். கொஞ்ச நாளில் போரடித்துவிட்டது. போரடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கமாம்.

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணப் பதிவேடு. ஏ4 தாளில் கட்டம். எப்போது, எங்கே, என்ன உணர்ச்சி, நூற்றுக்கு எத்தனை, அந்த நேரம் மனசில் ஓடிய வாக்கியம், அதற்கு ஆதாரம், அதற்கு எதிரான ஆதாரம், இப்போது என்ன தோன்றுகிறது, மறுபடி நூற்றுக்கு எத்தனை. வவுச்சர் இல்லாத செலவை நாங்கள் கணக்கில் ஏற்ற மாட்டோம், இதுவும் அப்படியேதான். “எனக்கு ஹார்ட் அட்டாக் வருகிறது” என்று ஒரு கிளெய்ம் வருகிறது, வவுச்சர் எங்கே? நெஞ்சு அடிக்கிறது என்பது வவுச்சர் ஆகாது, மாடி ஏறினாலும் அடிக்கும். ஆனால் இந்தப் பதிவேட்டை அந்தக் கணத்திலேயே நிரப்ப முடியாது. படபடப்பின் உச்சத்தில் பேனா பிடிக்க வருமா? அது அடங்கிய பிறகு, டீ குடித்துக்கொண்டே எழுத வேண்டும். உச்சம் சில நிமிடங்களில் தானாகவே இறங்கிவிடும் என்பதையும் அந்தத் தாள்களில் இருந்த நேரக் குறிப்பே காட்டிக் கொடுத்தது.

பிறகு பஸ். தேனி ரோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் நாகமலை புதுக்கோட்டை வரை, அப்புறம் செக்கானூரணி, அப்புறம் உசிலம்பட்டி, கடைசியில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தற்காப்பைக் கழற்ற வேண்டும். முதலில் வாட்ச், பிறகு பாட்டில், அப்புறம் மாத்திரை அட்டை, கடைசியில் சீட்டையே விட்டுக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி போக வேண்டும். பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மார்க் போடச் சொன்னார். இந்த மார்க் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஜோசப் வோல்ப்பே என்ற தென்னாப்பிரிக்க டாக்டராம். பயத்தைப் படிப்படியாகப் பழக்கும் முறையை 1958-இல் புத்தகமாகவே எழுதியவர். அவர் ஆளைத் தளர வைத்துக் கற்பனையில் காட்டினார். இந்த அம்மா நேரே ஆரப்பாளையம் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார். உசிலம்பட்டி கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த இடம் வந்தாலே எண்பதைத் தாண்டும். இறங்கிவிட்டால் தொலைந்தது, மார்க் பாதியாகும் வரை வண்டியிலேயே இருக்க வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். முன்னால் நின்ற பாட்டி, “ஏம்ப்பா இப்படி வேர்க்குது, இங்கிட்டு வந்து உக்காரு” என்று இடம் விட்டது. உட்காரக் கூடாது என்று அதற்கு எப்படிச் சொல்வது! “இருக்கட்டும் ஆத்தா” என்று நின்றே போனேன். ஆண்டிபட்டி வரும்போது நாற்பது.

மனைவியையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார். அரை மணிக்கு ஒரு தரம் விசாரிப்பது பாசம்தான், ஆனால் அதுவும் அந்த வட்டத்துக்குள்ளே வந்துவிட்டது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன்னால்தான் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். அதைத் தெளிய வைக்கவே பாதி செஷன் போனது. கடைசியில் ஒரு உடன்பாடு. நான் கேட்டால், “டாக்டர் என்ன சொன்னாங்களோ அதேதாங்க” என்று ஒரு தரம் மட்டும் சொல்வாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

எனக்கு எதிர்பாராமல் பிடித்த இன்னொன்று, ஒவ்வொரு செஷன் முடிவிலும் கொடுக்கும் சின்னத் தாள். நாலு கோடு, ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர். நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாரா, நான் பேச வந்ததைப் பேசினோமா, அவர் முறை எனக்குச் சரிப்படுகிறதா, மொத்தத்தில் எப்படி என்று கோட்டில் ஒரு குறி போட வேண்டும். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் கடைசி முனையில் போட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் குறைத்துப் போட எப்படிக் கை வரும்? “எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டா எனக்கு ஒரு உபயோகமும் இல்ல சார்” என்றார். அப்போதும் நான் மாறவில்லை. பிறகு ஒரு வாரம் ஹோம்வொர்க் செய்யாமல் போய், நேரம் கிடைக்கவில்லை மேடம் என்றேன். அவர் விடவில்லை. “போன வாரம் நான் சொன்னதுல உங்களுக்கு ஏதோ ஒட்டல. சரிங்க மேடம்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. என்ன அது?” என்றார். இழுத்து இழுத்துக் கடைசியில் சொன்னேன். மாத்திரை அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னது ரொம்ப அவசரம் என்று பட்டது எனக்கு. நோட்டில் எழுதிக்கொண்டார், “ஆமா, நான் ஒரு படி தாவிட்டேன்” என்றார், பாட்டிலுக்குத் திரும்பிப் போனோம். டாக்டர் வகையறா யாரும் என்னிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கோட்டில் உண்மையான குறி போட்டேன்.

அப்புறம் நானே கொஞ்சம் படித்தேன். 1979-இல் எட்வர்டு போர்டின் என்பவர் கவுன்சலருக்கும் வருகிறவருக்கும் நடுவே மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எங்கே போகிறோம், அதற்கு என்ன வேலை செய்யப் போகிறோம், இரண்டு பேருக்கும் நடுவே நம்பிக்கை. அந்தக் கோடுகளில் பாதி இதுதான். அதற்கு முன்னால் 1957-இல் கார்ல் ரோஜர்ஸ், நிபந்தனை இல்லாமல் ஆளை மதிப்பது, அவர் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, கவுன்சலர் நடிக்காமல் இருப்பது, இந்த மாதிரி சூழல் அமைந்தாலே மாற்றம் வரப் போதுமானது என்றார். அது இருந்ததால்தான் ஸ்ட்ராவை வாயில் வைக்கவே சம்மதித்தேன். ஆனால் அது மட்டும் இருந்து ஸ்ட்ரா இல்லாமல் போயிருந்தால், மனநிறைவோடு படிக்கட்டுப் பக்க சீட்டிலேயே இன்னும் உட்கார்ந்திருப்பேன். போதும் என்கிற ஒரு சொல்லில் மட்டும் ரோஜர்ஸோடு எனக்கு உடன்பாடு இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஒன்று. என் அப்பா ஆண்டிபட்டியில் கடை வைத்திருந்தார், மாரடைப்பில் போனபோது அவருக்கு நாற்பத்தெட்டு. எனக்கு அடுத்த பிறந்தநாளுக்கு அதே வயது. இதை இரண்டாவது செஷனிலேயே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார், வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியும் வைத்தார். ஆனால் ஒவ்வொரு செஷனும் அஜெண்டா போட்டுத்தான் ஆரம்பிக்கும். போன வாரம் என்ன ஆனது, ஹோம்வொர்க், இன்றைய வேலை, அடுத்த வாரம். அந்த ஓட்டத்தில் அப்பா பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். பஸ் சரியான பிறகு நானே கேட்டேன். இந்தச் சிகிச்சையைப் படபடப்புக்கென்று வகுத்துக்கொண்டதாகவும், துக்கத்தைப் பேசத் தனியாகச் சில செஷன் வைக்கலாம் அல்லது அதில் தேர்ந்த இன்னொருவரிடம் அனுப்பலாம் என்றும் சொன்னார். நேர்மையான பதில்தான். ஆனாலும் நடுவிலேயே கொஞ்சம் நின்று பேசியிருக்கலாம் என்ற வருத்தம் இருக்கிறது.

சென்னையில் இருக்கிற என் சித்தி மகன் வேறு ரகத்துக்குப் போகிறான், ஃப்ராய்டு வழி. வருடக் கணக்கில் நடக்கிறது. ஹோம்வொர்க் கிடையாது, அஜெண்டா கிடையாது. அவன் தன் தெரபிஸ்ட் மேலேயே கோபப்படுகிறான். அந்தக் கோபம் யார் மேல் இருந்து இடம் மாறி வந்தது என்று பார்ப்பதுதான் அங்கே வேலையே. “அண்ணே, உங்க மேடம் ரொம்ப அவசரப்படுறாங்க” என்கிறான். இருக்கலாம். அப்பாவுக்கு அவன் வழி சரிப்பட்டிருக்குமோ என்னவோ, பஸ்ஸுக்கு இந்த வழிதான்.

சின்னக் குறைகள்: கீழே பல் ராவுகிற மிஷின் சத்தம் கண்ணை மூடி உட்காரும்போது மேலே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணம். ஒருமுறை ஆபீஸ் வேலையால் கட்டினேன், வலித்தது. கேள்வித்தாளின் தமிழ் கொடுமை, யாரோ அகராதியை வைத்து மாற்றியிருக்கிறார்கள், பாதியை அவர் வாயால் விளக்க வேண்டியிருந்தது. என் இன்ஷூரன்ஸில் அட்மிட் ஆனால்தான் பணம். மனநோயையும் உடல்நோயைப் போலவே இன்ஷூரன்ஸில் நடத்த வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வெளிநோயாளியாக வந்து பேசிவிட்டுப் போவதற்கு என் பாலிசியில் இடமில்லை.

பலன்? பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் 21, பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். 17-இல் ஆரம்பித்தேன், முடிக்கும்போது 6. படபடப்பு அடியோடு போகவில்லை. இந்த செப்டம்பரில் ஒரு ராத்திரி ஆபீஸில் வந்தது. வந்தது, உட்கார்ந்திருந்தேன், போனது, மறுபடி 3சிடியைத் திறந்தேன். ஆக்சிமீட்டரை மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

யார் போகலாம்? இதயம், தைராய்டு எல்லாம் பார்த்து முடித்து, வாரம் ஒருமுறை வந்து வீட்டிலும் வேலை செய்யத் தயாராக இருப்பவர்கள். பேசி மனசை இறக்கி வைத்தால் போதும் என்று வருகிறவர்களுக்கு இது கசக்கும். உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் இருப்பவர்கள் இரண்டு வார அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இதற்கென்றே ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது.

எந்த ஊரில் எந்த கிளினிக் ஆனாலும், முன்பதிவுக்குப் போன் பண்ணும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன, என் பிரச்சினைக்கு எந்த முறையில் வேலை செய்வீர்கள், குறைகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பீர்கள். முன்பணம் மொத்தமாகக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.